தோடு சொன்னால்தான் குறை

இப்போதெல்லாம் பிள்ளை அழுதால் பிள்ளையின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. போனைப் பார்க்கிறார்கள். பசியா, வயிற்றுவலியா, தூக்கமா என்று அது சொல்ல வேண்டும். அது சொன்ன பிறகுதான் பெற்றவளுக்கே பால் ஞாபகம் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரன் காய்ச்சலில் சுருண்டு கிடக்கிறான். உடம்புக்கு முடியலையா என்று கேட்டால், கையில் கட்டியிருக்கிற வாட்ச் நல்லாயிருக்கேன்னு சொல்லுது, அதான் யோசனையா இருக்கு என்கிறான். உடம்பு அவனுடையது, அவனுக்கே தெரியவில்லை. சரி, அவன் வளர்ந்த ஆள், எப்படியும் போகட்டும். பிள்ளைகளையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

விருதுநகர் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. பருப்பு மண்டியில் மூட்டை தூக்கினேன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. மண்டிக்கு மூட்டை தூக்குகிற இயந்திரம் வந்த பிறகு, அது சிந்துகிற பருப்பைக் கூட்டி அள்ளுவது என் வேலை. இயந்திரம் சிந்தாது என்று சொல்லித்தான் வாங்கினார்கள். அது இருக்கட்டும்.

என் மகள் வேலம்மாள். மருமகன் மாரிக்கனி முன்பு லாரி ஓட்டினான். இப்போது லாரி தானாகவே ஓடுகிறது. தார்ப்பாயைக் கட்டவும் அவிழ்க்கவும் மட்டும் அதற்குத் தெரியாது, அதனால் இவன் கூடவே போய்வருகிறான். இவர்களுக்கு ஒரே பிள்ளை, நித்திலா. வேலம்மாளுக்கு இளையவன் என் மகன் காளிராஜ். அரசாங்க லைசென்ஸில் வண்டிகளுக்கு பேட்டரி சார்ஜ் போடும் கடை வைத்திருக்கிறான். நித்திலாவுக்குத் தாய்மாமன். இந்தக் கதையில் நடந்த கூத்துக்கெல்லாம் அந்த உறவுதான் ஆரம்பம்.

நித்திலாவுக்கு மூன்று வயது ஆனபோது ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு சின்ன டப்பா. அதற்குள் மொச்சைக்கொட்டை மாதிரி வெளிறிப்போன பிளாஸ்டிக் தோடு ஒரு ஜோடி. காதுகுத்தும்போது பிள்ளைக்கு இதைத்தான் மாட்ட வேண்டும், ஆறு மாதம் கழற்றக்கூடாது என்றாள். எதற்கு என்று கேட்டேன்.

"காதுல விழுற சத்தத்தை மூளை எப்படிப் பிரிச்சு எடுக்குதுன்னு இந்தத் தோடு பார்த்துக்கிட்டே இருக்கும் தாத்தா. சில பிள்ளைகளுக்கு அந்தப் பிரிக்கிற வேலை வேற மாதிரி நடக்கும். அறிவுல குறையே இருக்காது. ஆனா பள்ளிக்கூடம் போய் எழுத்துக் கூட்டிப் படிக்கிறப்ப திணறும். டிஸ்லெக்சியான்னு சொல்லுவாங்க. எழுத்தைக் கண்ணால பார்க்கிறதுக்கு முன்னாலயே இது சொல்லிடும். சொல்லிட்டா, ஒண்ணாம் கிளாஸ்லயே அதுக்குன்னு படிச்ச டீச்சர்கிட்ட தனியா இடம் கிடைச்சிடும்."

"வீட்டுல நாங்க பேசுறதையும் கேக்குமா?"

"கேக்கும். ஆனா வெளியே சொல்லாது."

அந்த 'ஆனா'வை நான் நம்பவில்லை. நிலம், வரப்புத் தகராறு என்று ஏதாவது பேச்சு வந்தால், பிள்ளையை வாசலுக்கு அனுப்பிவிட்டுத்தான் ஆறு மாதமும் பேசினோம். பிள்ளைக்கு அது விளையாட்டாகிவிட்டது. எங்கள் குரல் தாழ்ந்தாலே, காதைப் பொத்திக்கொண்டு தானே வெளியே ஓடும்.

ரிசல்ட் போனுக்கு வரும். பச்சை வந்தால் ஒன்றுமில்லை. மஞ்சள் வந்தால் தனி டீச்சர். நல்ல ஏற்பாடு என்றுதான் ஆரம்பித்தார்கள். டீக்கடை சுடலைமுத்துவின் பேரனுக்கு மஞ்சள் வந்தது. அந்தப் பையன் இப்போது கடைக்கு வருகிறவர்களுக்குச் செய்தித் தலைப்பைப் படித்துக் காட்டுகிறான், அதை நானே பார்த்தேன். ஆனால் எங்கள் ஜனம் அதைப் பார்க்கவில்லை. மஞ்சள் என்றால் தலையில் ஏதோ கோளாறு என்று வைத்துக்கொண்டார்கள். பெரிய பள்ளிக்கூடங்களில் சேர்க்கும்போதே பச்சையா என்று கேட்டார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கல்யாணச் சந்தையில் நிறம் பார்க்கிற காலமும் வந்தது.

காதுகுத்து மண்டபத்தில் நடந்தது. தாய்மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. தட்டில் பழம், பட்டுப்பாவாடை, நடுவில் அந்தப் பிளாஸ்டிக் தோடு. காளிராஜ் வாங்கி வைத்திருந்த கல் வைத்த கம்மலை ஆறு மாதம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். மாரிக்கனி வகையறா பெண்களுக்கு வாய் நிற்குமா? தாய்மாமன் சீர் ரேஷன் கடையிலிருந்து வந்திருக்கு போல என்று ஒருத்தி. கம்மலுக்குக் காசில்லாமத்தான் கவர்மெண்டைக் கூட்டிட்டு வந்துட்டான் என்று இன்னொருத்தி. காளிராஜ் சிரித்துக்கொண்டேதான் இருந்தான். ஆனால் அவன் கழுத்து நரம்பு புடைத்தது எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை அவன் ஆசாரியிடம் போய்விட்டான். ஆசாரிக்கு இது புது வேலை இல்லை. எல்லா ஊர்த் தாய்மாமனும் அவரிடம் வந்துகொண்டுதான் இருந்தார்கள். தோட்டைக் கழற்றாமல், அதன் மேல் கவிழ்த்து, பின்பக்கம் மடக்கிவிடுகிற மாதிரி தங்கத்தில் சின்ன மூடி. முன்னால் பார்த்தால் மூக்குத்திப் பூ மாதிரி மினுங்கும். தோட்டைத்தான் கழற்றவில்லையே, அப்புறம் என்ன என்று ஆசாரி சொன்னார். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. அரசாங்கமும் காதில் இருக்கிறது, மாமன் மரியாதையும் காதில் இருக்கிறது.

ஆறு மாதம் கழித்துப் பச்சை வந்தது. வேலம்மாள் கேசரி கிண்டித் தெருவுக்கே கொடுத்தாள். மாரிக்கனி மட்டும் கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். சந்தோஷத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தோம்.

பள்ளிக்கூடத்தில் முதல் வருஷம் போனது. இரண்டாவதும் போனது. பிள்ளைக்குப் படிக்க வரவில்லை. பேச்சில் குறையில்லை. மண்டியில் எந்தெந்த வியாபாரி எந்த ஊர், யார் யாருக்குச் சொந்தம், போன பொங்கலுக்கு யார் என்ன நிறத்தில் சேலை கட்டினார்கள், எல்லாம் சொல்லும். புத்தகத்தைத் திறந்தால் உதட்டை மடித்துக்கொள்ளும். பக்கத்தில் இருக்கிற பிள்ளை வாசிப்பதைக் காதால் பிடித்துவைத்து, டீச்சர் கேட்கும்போது அப்படியே ஒப்பிக்கும். டீச்சர் பக்கத்தை மாற்றிக் கேட்டால் மாட்டிக்கொள்ளும். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு வாயில் வந்த வார்த்தையைச் சொல்லும். எல்லாரும் சிரிப்பார்கள். காலையில் பள்ளிக்கூட நேரத்துக்கு வயிறு வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை வலிக்காது.

வகுப்பு டீச்சரிடம் வேலம்மாள் போய் அழுதாள். அந்த டீச்சர் போனை எடுத்துக் காட்டினாள். இவளுக்குப் பச்சை, அதனால் படிப்பு வராமல் போக வாய்ப்பே இல்லை, சோம்பேறித்தனம், வீட்டில் கவனிப்பு போதாது என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் வேலம்மாள் பிள்ளையை அடித்தாள். பச்சை வந்தும் ஏண்டி படிக்க மாட்டேங்கிற என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். பிள்ளைக்கு என்ன பதில் தெரியும்? தன் காதில் கிடந்த ஒரு சாமான் தன்னைப் பற்றி என்ன சொன்னது என்று அதற்கு யார் விளக்கினார்கள்?

அந்தப் பள்ளிக்கூடத்திலேயே தனிக் குழு வகுப்பு ஒன்று நடந்தது. மஞ்சள் பிள்ளைகளுக்கு. சொல்லிக்கொடுத்தது புளோரா டீச்சர், சாத்தான்குளம் பக்கத்துப் பெண், முப்பது வயசுக்குள் இருக்கும். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு நித்திலாவைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நேரே அங்கே போய் நின்றேன். அந்த டீச்சரும் எல்லாரையும் போல முதலில் போனைத்தான் எடுக்கும் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்தது.

"கடல்னு சொல்லு பார்ப்போம்."

"கடல்."

"இப்ப முதல்ல வர்ற சத்தத்தை விட்டுட்டு, மிச்சத்தை மட்டும் சொல்லு."

பிள்ளை யோசித்தது. "அலை" என்றது.

டீச்சர் சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை, ரொம்பப் பிடித்துப்போய்ச் சிரித்தது. அப்புறம் இன்னும் நாலைந்து கேட்டது, கை தட்டச் சொன்னது, பொம்மைப் பெயர்களை வேகமாகச் சொல்லச் சொன்னது. பிள்ளையை வெளியே விளையாட அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பியது.

"ஐயா, என் வகுப்புல இருக்கிற எந்தப் பிள்ளைக்கும் முன்னால இவளுக்குத்தான் இடம் கொடுத்திருக்கணும். ரெண்டு வருஷம் வீணாப் போச்சு. இன்னும் தள்ளிப்போட்டா, படிப்பு வராதுங்கறதை விட, நான் முட்டாள்னு அவளே முடிவு பண்ணிருவா. அதைத் திருத்துறதுதான் கஷ்டம். வீட்டுல வேற யாருக்காவது இப்படி இருந்ததா?"

யாருக்கும் இல்லை என்று சொன்னேன். மாரிக்கனியின் சங்கதி எனக்கு அப்போது தெரியாது.

அந்த டீச்சருக்குப் புரியாதது ஒன்றுதான், இவ்வளவு தெளிவாக இருக்கிறது, தோடு எப்படிப் பச்சை சொன்னது? தோடு போட்டிருந்த சமயத்தில் எடுத்த போட்டோ இருக்கிறதா என்று கேட்டது. காளிராஜிடம் போனில் சொல்லி அனுப்பவைத்தேன். பார்த்தவுடன் டீச்சர் முகம் மாறிவிட்டது. மூடி தோலுக்கும் தோட்டுக்கும் நடுவில் போய் மடங்கியிருக்கிறது, தோலைத் தொடாமல் அதற்கு ஒன்றுமே கேட்காது என்றது.

"கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே," என்றேன்.

"முதல்ல அப்படித்தான் செஞ்சிருந்தாங்க ஐயா. ஒவ்வொரு வீடா திருப்பித் திருப்பிப் போக வேண்டியிருந்தது. அதுக்கு ஆள் இல்லை. அதனால, கேக்காம விட்டுப்போன இடத்தை இந்த வட்டாரத்துப் பிள்ளைகளோட சராசரியை வச்சு அதுவே நிரப்பிக்கட்டும்னு மாத்திட்டாங்க."

"அப்ப அது சொன்னது எங்க பிள்ளையைப் பத்தி இல்ல."

"இல்லை. ஊர்ப் பிள்ளைகளைப் பத்தி."

என்னத்தைச் சொல்ல. ஊரான் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன, ஆகவே உன் பிள்ளையும் நன்றாக இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க இயந்திரம் எதற்கு? டீக்கடையில் உட்கார்ந்தால் எவனும் சொல்வான்.

புளோரா டீச்சரின் வகுப்பில் இடம் என்பது தோட்டின் எண்ணோடு கட்டியிருக்கிறது. மஞ்சள் எண் இல்லாத பிள்ளையை அந்த அறையின் வருகைப் பதிவே ஏற்காது. ஆனாலும் அந்தப் பெண் சும்மா விடவில்லை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு வராண்டாவில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது. நான் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். தட்டில் ரவையைப் பரப்பி, விரலால் எழுத்தை எழுதிக்கொண்டே அதன் சத்தத்தை வாயால் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு எழுத்துதான், சில நாள் அதுவும் இல்லை, பழையதையே திரும்ப. ஒரு வார்த்தையில் எத்தனை சத்தமோ அத்தனை விரல் தட்ட வேண்டும். தப்புச் சொன்னால் தப்பு என்று டீச்சர் சொல்லாது, இன்னொரு முறை விரலால் கேளு என்று சொல்லும். ஒரு படி ஏறி, அதில் பிள்ளை உறுதியாக நின்ற பிறகுதான் அடுத்த படி. இவ்வளவு பொறுமையை நான் மனுஷரிடம் பார்த்ததில்லை. இதெல்லாம் எத்தனை நாளைக்கு நிற்கப் போகிறது என்றும் நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் இருக்கும். மண்டிக்கு எனக்குச் சோறு கொண்டுவந்த நித்திலா அடுக்கியிருந்த மூட்டை ஒன்றின் முன்னால் நின்றுவிட்டது. விரல்கள் தொடையில் மெதுவாகத் தட்டின. உதடு அசைந்தது. பிறகு, "உளுந்து" என்றது. சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை, மூட்டையையே பார்த்தது. உள்ளே உளுந்துதான் இருக்கிறதா என்று சாக்கைக் கிள்ளிப் பார்த்தது. தூசி என்று சொல்லிக் கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம் எல்லாம் நின்றது. பள்ளிக்கூட வாசல் கேமரா, குழுவில் இல்லாத பிள்ளை ஒன்று தினமும் தாமதமாக வெளியே போகிறது என்று மேலே சொல்லிவிட்டது. பட்டியலில் இல்லாத பிள்ளைக்குச் செலவிடும் நேரம் பட்டியலில் உள்ள பிள்ளைகளிடமிருந்து எடுத்த நேரம் என்று டீச்சருக்கு எச்சரிக்கை வந்தது. இனி தொடர்ந்தால் வேலை போகும்.

நானும் காளிராஜும் கல்வி அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி சின்ன வயசு. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், நாங்கள் சொன்னதை முழுசாகக் கேட்டார். மரியாதையான மனுஷன். மரியாதையான மனுஷர்களிடம்தான் நான் அதிகம் பயப்படுவேன். பிள்ளைக்கு வயது தாண்டிவிட்டது, இனிமேல் தோடு வைத்துப் பார்க்க முடியாது என்றார். டீச்சர் பார்த்துச் சொன்னது போதாதா என்று கேட்டேன். டீச்சர் சொன்னதைப் பதிவதற்கு இடம் இல்லையாம். ஒரே வழிதான் இருந்தது. மூடி போட்டது நாங்கள்தான் என்று காளிராஜ் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்போது பச்சை செல்லாமல் போகும். செல்லாது என்றான பிறகு, சிறப்பு அனுமதியில் புளோரா டீச்சரின் வகுப்பில் ஓர் இடம் அவரே கொடுப்பார். ஆனால் அரசாங்கக் கருவியைக் கெடுத்ததாக காளிராஜ் மேல் விசாரணை வரலாம், கடை லைசென்ஸ் போனாலும் போகலாம். யோசித்துச் செய்யுங்கள் என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் வாசலில் கூட்டம். காளிராஜ் கையெழுத்துப் போட்டால், மூடி போட்ட எல்லாப் பிள்ளைகளின் பச்சையையும் தோண்டுவார்கள் என்று எதிர்வீட்டு ராசகனி கத்தினாள். அவள் பேத்தியைப் போன மாதம்தான் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள்.

"உன் மருமகளுக்குப் படிப்பு ஏறலைன்னா, அதுக்கு எங்க வீட்டுப் பிள்ளைக மேல ஏண்டா மஞ்சளைப் பூசுற?" என்று காளிராஜைக் கேட்டாள்.

டீக்கடை சுடலைமுத்து கத்தவில்லை. ஓரமாக நின்று, பார்த்துச் செய்ங்கப்பா, அந்த வகுப்பை மட்டும் ஒண்ணும் பண்ணிராதீங்க, என் பேரன் இன்னும் முழுசாத் தேறலை என்றான். அன்றைக்கு வந்தவர்களில் அவன் ஒருத்தன்தான் சரியான விஷயத்துக்குப் பயந்தான்.

அப்போதுதான் மாரிக்கனி வெளியே வந்தான். அவ்வளவு நேரம் உள்ளே இருந்தான் என்பதையே நாங்கள் மறந்திருந்தோம்.

"எனக்கும் படிக்க வராது," என்றான். "எட்டாவது வரைக்கும் போனேன். ஒரு வரி வராது. கல்யாணப் பத்திரிகை வந்தா வேலம்மாகிட்ட நீட்டிக் கண்ணாடி இல்லன்னு சொல்லுவேன். லாரியில போர்டு பார்த்துத் திரும்புனதே கிடையாது, மரத்தையும் பெட்ரோல் பங்கையும் வச்சுத்தான் திரும்புனேன். பத்து வயசுல இருந்து தினம் தினம் ஒளிஞ்சுக்கிட்டே இருக்கேன். எம் பொண்ணு ஒளிய வேண்டாம். மச்சினன் போடலைன்னா நான் போடுறேன் கையெழுத்து. அது ஒண்ணுதான் எனக்கு எழுதத் தெரியும்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பச்சை வந்ததைப் பார்த்தா அப்பன் ஜாடை இல்லையே என்று ஒரு குரல். வேலம்மாள் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பத்து வருஷம் கண்ணாடி தேடிக் கொடுத்தவள் அவள். மறுநாள் காலை காளிராஜே போய்க் கையெழுத்துப் போட்டான்.

விசாரணை வந்தது. காளிராஜோடு நிற்கவில்லை. ஆசாரியைக் கேட்டார்கள், பிள்ளைகள் தோடு போட்டிருந்த போட்டோக்களைக் கேட்டார்கள். ஒரு ஊர், இரண்டு ஊர் என்று போய் வட்டாரம் முழுவதும் தங்க மூடியாகக் கிடந்தது. முந்தின வருஷம்தான் எங்கள் வட்டாரத்தில் மஞ்சள் மிகக் குறைவு என்று பாராட்டிக் கேடயம் கொடுத்திருந்தார்கள். கேடயத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, வட்டாரத்தில் போட்ட எல்லாத் தோடுகளின் ரிசல்ட்டும் செல்லாது என்று ஒரே அறிவிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பச்சையும் செல்லாது, மஞ்சளும் செல்லாது. மூடி போடாத பிள்ளையின் மஞ்சளும் சேர்த்துத்தான்.

அப்படியானால் ஊரில் மஞ்சள் பிள்ளையே கிடையாது. பிள்ளை இல்லாத வகுப்புக்கு டீச்சர் எதற்கு? புளோரா டீச்சரை எங்கேயோ மலைப்பக்கம் மாற்றிவிட்டார்கள்.

போகிற அன்றைக்கு அந்தப் பெண் வீட்டுக்கு வந்தது. வேலம்மாளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று செய்து காட்டியது. வேலம்மாளும் முயன்றாள். ரவையைப் பரப்பினாள், சத்தம் சொன்னாள். ஆனால் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே திரும்பப் போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. பார்த்துப் போட்டுவிட அது கோலமா? படித்துப் பழகிய வேலை. நாலாம் நாள் இரண்டு பேரும் அழுதார்கள். அப்புறம் ரவையை உப்புமா கிண்டிவிட்டாள்.

சுடலைமுத்து எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அவன் கடையில் எனக்கு டீ வரும், டம்ளர் மேஜையில் உட்காரும், அவன் வாய் திறக்காது. அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

மழைக்காலம் முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் விழா என்றார்கள். பந்தல், மைக், நாற்காலி. புதுத் தோடு வந்திருக்கிறதாம். மேடையில் அதிகாரி பேசினார். தாய்மாமன்மார்களின் உணர்வை மதித்து, இனிமேல் தோட்டை அரசாங்கமே தங்கத்தில் செய்து தரும், யாரும் மூடி போட வேண்டிய அவசியமே இல்லை என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ராசகனி எல்லாரையும் விடப் பலமாகத் தட்டினாள். மூன்று வயதுப் பிள்ளைகள் வரிசையாகப் பட்டுப்பாவாடையில் நின்றன. முதல் தோட்டை மாட்டிவைக்க, உண்மையை ஒத்துக்கொண்ட தாய்மாமன் என்று காளிராஜையே மேடைக்குக் கூப்பிட்டார்கள். லைசென்ஸும் போகவில்லை. பட்டு வேட்டியில் ஏறினான். அவன் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது. இருக்கட்டும்.

பிறகு நித்திலாவைக் கூப்பிட்டார்கள். சொன்ன சொல் தவறவில்லை அதிகாரி. சிறப்பு அனுமதி உத்தரவு, பெரிய எழுத்தில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டது. அதைக் கொடுத்துவிட்டு, முதல் வரியை நீயே படி பார்க்கலாம் என்று மைக்கைப் பிள்ளை வாய்க்குப் பக்கத்தில் நீட்டினார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்.

பிள்ளை தாளைப் பார்த்தது. இடது கை விரல்கள் பாவாடையில் மெதுவாகத் தட்ட ஆரம்பித்தன. ஒன்று. இன்னொன்று. முதல் எழுத்து வாய்க்கு வந்துவிட்டது, மைக்கில் கேட்டது. இரண்டாவது வந்தது. மூன்றாவதுக்கு விரல் போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தெரியும், வந்துவிடும், இன்னும் கொஞ்ச நேரம் கொடுத்தால் போதும். மாரிக்கனி என் பக்கத்து நாற்காலியில் அதே மாதிரி விரல்களைத் தன் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தான்.

பாவம், வெட்கப்படுது என்று அதிகாரி சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கி, அந்த வரியை அவரே கணீரென்று படித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். பிள்ளையின் விரல் பாவாடையிலேயே நின்றது.

நான் எழுந்துவிட்டேன்.

"டீச்சர் எங்கே?" என்று கேட்டேன். மைக் இல்லாமலே கேட்டது.

"போஸ்ட் இப்போதைக்குக் காலியா இருக்கு பெரியவரே. ஒரு பிள்ளைக்காக ஒரு டீச்சர் போட விதி இல்லை. புதுத் தோட்டுல எத்தனை மஞ்சள்னு தெரிஞ்சதும் போட்டுடுவோம்."

"எப்பப் போடுவீங்க?"

"இந்தக் குழந்தைகள்லாம் ஒண்ணாம் வகுப்புக்கு வர்றப்போ. தங்கத்துக்கே இந்த வருஷ ஒதுக்கீடு முடிஞ்சிருச்சு, உங்களுக்குத் தெரியாதது இல்லை."

"அதுவரைக்கும் இவ என்ன செய்வா?"

"அவளுக்குத்தான் இடம் இருக்கே பெரியவரே," என்றார் அந்த மரியாதையான மனுஷன். "அதை இனி யாரும் எடுக்க முடியாது."

உட்காருய்யா, போட்டோ எடுக்கப் போறாங்க என்று பின்னாலிருந்து யாரோ துண்டை இழுத்தார்கள். காளிராஜ் மேடையிலிருந்து இறங்கி வந்தான். அப்பா, இப்பவாச்சும் ஒரு வழி பிறந்திருக்கு, போகப்போக எல்லாம் சரியாகும் என்றான். வேலம்மாளும் அதையே சொன்னாள். மைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. மாரிக்கனி மேடையை விட்டு இறங்கிய பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான், எட்டு வயதுப் பிள்ளையை.

சரியாகுமாம். அந்தக் காலத்தில் ஒன்றுமே தெரியாமல் பிள்ளைகளை முட்டாள் என்றோம். இப்போது எல்லாம் தெரிந்துகொண்டு இடம் கொடுக்கிறோம். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. படிக்காதவன், அதனால் தெரியாமல் இருக்கலாம்.

பந்தல் ஓரத்தில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பின்னால் மறுபடியும் கைதட்டினார்கள். எதற்கென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.